அங்குரா நாடகம்: அடிக்கடி கேக்குற கேள்விகளும் எனக்குத் தெரிஞ்ச பதில்களும்

அங்குராவா? அது என்ன பேரு?

அண்டர்கிரவுண்டுங்குற இங்கிலீஷ் வார்த்தைதான். ஜப்பான்காரங்க அதை அவங்க வாய்க்கு ஏத்த மாதிரி நீட்டி சொல்லி, அப்புறம் நீளமா இருக்குன்னு நறுக்கி "அங்குரா"ன்னு ஆக்கிட்டாங்க. பெர்சனல் கம்ப்யூட்டரை "பாசோகொன்"னு சுருக்குற ஊரு, அதுக்கு இதெல்லாம் சாதாரணம். நம்ம காதுக்கு அங்குரம், அதாவது முளை மாதிரி கேக்குது, சம்பந்தமே இல்ல, ஆனா எனக்கு அந்தத் தற்செயல் ரொம்பப் புடிக்கும். 1960கள் நடுவுல ஆரம்பிச்சு 70கள் வரைக்கும் டோக்கியோவுல கிளம்பின நாடக அலைக்கு இதுதான் பேரு. அதுல வேலை செஞ்ச சிலருக்கு இந்தப் பேரு புடிக்கல, ஏன்னா பத்திரிகைக்காரங்க இதை ஒரு கிண்டலாத்தான் எழுதினாங்க, ஆராய்ச்சிக்காரங்க கேட்டா "ஷோகெகிஜோ" இயக்கம், அதாவது சின்ன தியேட்டர் இயக்கம்னு மரியாதையா சொல்லுவாங்க. நான் அங்குரான்னே சொல்றேன்.

தலைமறைவா ஒளிஞ்சு நடத்தினாங்களா?

இல்லவே இல்ல. இதுதான் எல்லாரும் பண்ற தப்பு. ஒளிஞ்சு நடத்துறதுக்கு நேர் எதிரா, ஊருக்கு நட்ட நடுவுல செவப்பு டென்ட் போட்டு நடத்தினாங்க. சில குழுக்கள் நிஜமாவே பேஸ்மென்ட்ல ஆடினாங்கதான், சாதோ மகோதோவோட ஜியூ கெகிஜோ குழு 1966ல ரொப்பொங்கி பக்கம் ஒரு கண்ணாடிக் கடைக்குக் கீழ இருந்த நிலவறையிலதான் ஆரம்பிச்சுது. ஆனா சுசுகி ததாஷியோட குழு அதே வருஷம் வசேதா யுனிவர்சிட்டி பக்கத்துல ஒரு காபி கடை மாடியில. அதனால கீழயா மேலயாங்குறது கணக்கில்ல, நல்ல நாடகம்னா நல்ல தியேட்டர்லதான் நடக்கணும்ங்குற எண்ணத்துக்கு வெளிய போனாங்க, அவ்ளோதான். நீங்க இந்த விஷயத்துல எந்த நாடகத்தைப் பத்திப் படிச்சாலும் மொதல்ல "இது எங்க நடந்துச்சு"ன்னு தேடுங்க, கதை என்னன்னு அப்புறம் பாத்துக்கலாம்.

எதுக்கு எதிரா இவ்ளோ கோவம்?

ஷின்கெகிக்கு எதிரா. ஷின்கெகின்னா "புது நாடகம்". 1924ல டோக்கியோ சுகிஜில ஒசனாய் கவோரு, ஹிஜிகாதா யோஷி ரெண்டு பேரும் சேந்து ஒரு சின்ன தியேட்டர் கட்டினாங்க (இந்த ஹிஜிகாதா வேற, பின்னாடி வரப்போற டான்ஸ்காரர் வேற, குழப்பிக்காதீங்க). ஐரோப்பா மாதிரி நாடகம் போடணும், இப்சென், செக்காவ், யதார்த்த நடிப்பு, எழுதினதை ஒரு எழுத்து மாறாம பேசணும், கபுகிங்குற பழைய ஜப்பானிய நாடக வாடையே வரக்கூடாது, இதுதான் கொள்கை. ஒரு காலத்துல இதுவே பெரிய புரட்சி. போர் சமயத்துல இடதுசாரின்னு சொல்லி இவங்க குழுக்களை அரசாங்கம் 1940ல கலைச்சுது, ஆட்களை உள்ள தள்ளுச்சு. அதனால ஷின்கெகிக்காரங்களை வில்லனா பாக்காதீங்க. ஆனா போர் முடிஞ்ச பிறகு அவங்களே பெரிய மனுஷங்களாயிட்டாங்க, பெரிய குழு, சீனியாரிட்டி, கட்சிச் சாயம், மேடைக்கும் ஆடியன்ஸுக்கும் நடுவுல ஒரு கண்ணுக்குத் தெரியாத சுவரு. வந்து ஒக்காரு, பாரு, கைதட்டு, கிளம்பு.

1960 போராட்டத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. அமெரிக்காவோட பாதுகாப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கூடாதுன்னு லட்சக்கணக்குல ஜனம் தெருவுக்கு வந்துச்சு, ஜப்பானியர் அதை "அம்போ"ன்னு சொல்றாங்க. ஜூன் 15ஆம் தேதி பார்லிமென்ட் வாசல்ல நடந்த மோதல்ல கன்பா மிச்சிகோங்குற டோக்கியோ யுனிவர்சிட்டி மாணவி செத்துப்போனாங்க. அதே நாள் ஊர்வலமா வந்த ஷின்கெகி நாடகக்காரங்களையும் வலதுசாரி அடியாட்கள் வந்து அடிச்சாங்க. இவ்ளோ நடந்தும் நாலு நாள்ல ஒப்பந்தம் தன்னால நிறைவேறிடுச்சு. பிரதமர் கிஷி பதவி விலகினார், ஆனா ஒப்பந்தம் அப்படியேதான் இருந்துச்சு. அப்ப இருபது வயசுல இருந்த பசங்களுக்கு ரெண்டு பக்கமும் வெறுத்துப் போச்சு, அரசாங்கமும் சரி, "கட்டுப்பாடா ஊர்வலம் போங்க தோழர்களே"ன்னு சொன்ன பழைய இடதுசாரியும் சரி. மேடையில நின்னு நல்ல கருத்தைத் தெளிவா சொன்னா உலகம் மாறிடும்ங்குற நம்பிக்கை அங்கதான் ஒடைஞ்சுது. அதனாலதான் அங்குரா நாடகத்துல கருத்து தெளிவா இருக்காது, தேடாதீங்க, கிடைக்காது.

யார் யார் முக்கியம்? ஒரு நாலு பேர் சொல்லுங்க போதும்.

கரா ஜூரோ, தெராயாமா ஷூஜி, சுசுகி ததாஷி, சாதோ மகோதோ. இந்த நாலு பேரையும் ஒரே கூடையில போட்டா நாலு பேரோட ரசிகருங்களும் சண்டைக்கு வருவாங்க. செவப்பு டென்ட் கரா, கறுப்பு டென்ட் சாதோ, தெருவுக்குப் போனவர் தெராயாமா, மலைக்குப் போனவர் சுசுகி, இப்படி ஞாபகம் வச்சுக்கோங்க. இன்னும் ஷிமிசு குனியோ, நினாகவா யுகியோ, ஒத்தா ஷோகோன்னு ஆளுங்க இருக்காங்க. நினாகவா 1974ல பெரிய கம்பெனிக்கு ரோமியோ ஜூலியட் பண்ணப் போனப்ப பழைய கூட்டாளிங்களுக்கு அது துரோகமாத்தான் தெரிஞ்சுது, இன்னிக்கு உலகத்துல பாதிப் பேருக்கு ஜப்பான் நாடகம்னாலே அவருதான்.

அந்த செவப்பு டென்ட் கதையை முழுசா சொல்லுங்க.

சந்தோஷமா. கரா ஜூரோ 1940ல டோக்கியோவோட பழைய கீழ்ப்பகுதியில, உஎனோ பக்கத்துல பொறந்தவர். குண்டு விழுந்து கருகின ஊருல வளந்தவர். 1963ல ஜோக்யோ கெகிஜோ, "சூழ்நிலை நாடகக் குழு"ன்னு ஆரம்பிச்சார், ஃபிரெஞ்சு எழுத்தாளர் சார்த்தர்கிட்ட இருந்து எடுத்த பேரு. தியேட்டர் வாடகைக்குக் காசு கிடையாது. அவரும் அவரோட மனைவியும் கதாநாயகியுமான ரி ரெய்செனும் உடம்பு முழுக்கத் தங்கப் பொடி பூசிக்கிட்டு காபரே காபரேயா டான்ஸ் ஆடித்தான் காசு சேத்தாங்க. 1967 ஆகஸ்ட்ல டோக்கியோவோட ஷின்ஜுகு பகுதியில இருக்குற ஹனாசோனோ கோயில் வளாகத்துல செவப்புக் கூடாரம் போட்டாங்க. சுத்தி பார், காபரே, குடிகாரங்க, ட்ராஃபிக். உள்ள தரையில பாய். செருப்பைக் கழட்டிப் பையில போட்டு மடியில வச்சுக்கிட்டு, பக்கத்து ஆளு முட்டி நம்ம விலாவுல குத்துற அளவுக்கு நெருக்கி ஒக்காரணும்.

ஏன் கோயில்னு கேட்டா, கராவுக்கு அதுல ஒரு பெரிய கணக்கு இருந்துச்சு. கபுகியே 1603 வாக்குல கியோட்டோ காமோ ஆத்தங்கரையில ஒக்குனிங்குற ஒரு பொண்ணு ஆடினதுல இருந்து வந்ததுதான், அந்தக் காலத்துல நடிகருங்களுக்கு "ஆத்தங்கரைப் பிச்சைக்காரங்க"ன்னுதான் பேரு. அந்த வசவையே கரா பட்டமா எடுத்துக்கிட்டார். பாட்டு, பொம்மை, செத்தவங்க திரும்பி வர்றது, பழைய சினிமா வசனம், மலிவான செண்டிமென்ட், ஷின்கெகி தூக்கிப் போட்ட குப்பை எல்லாத்தையும் பொறுக்கி உள்ள கொண்டு வந்தார். நடிகனோட உடம்புதான் மொதல்ல, எழுத்து அதுக்குப் பின்னாடி வரட்டும்னு ஒரு கட்டுரையே எழுதினார்.

1968ல அக்கம்பக்கத்து ஆளுங்க இது ஊரோட ஒழுக்கத்தைக் கெடுக்குதுன்னு புகார் பண்ணி, கோயில்ல இருந்து கிளப்பி விட்டாங்க. "சரி ஹனாசோனோ, போயிட்டு வர்றோம்"ங்குற மாதிரி ஒரு நோட்டீஸ் அடிச்சுக் குடுத்துட்டுப் போனாங்க. அப்புறம்தான் கிளைமாக்ஸ். 1969 ஜனவரி 3, புது வருஷக் குளிரு, ஷின்ஜுகு ஸ்டேஷனோட மேற்கு வாசல் பக்கம் இருக்குற சென்ட்ரல் பார்க்ல டென்ட் போட அனுமதி கேட்டாங்க, மாநகர நிர்வாகம் முடியாதுன்னுட்டுது, இவங்க போட்டுட்டாங்க. கிட்டத்தட்ட 200 கலவரத் தடுப்பு போலீஸ் டென்ட்டைச் சுத்தி நின்னுட்டு மைக்ல கலைஞ்சு போங்கன்னு கத்த, உள்ள நாடகம் நடக்குது, ஆடியன்ஸுக்கு எது நாடகச் சத்தம் எது போலீஸ் சத்தம்னே தெரியல. கடைசி வரைக்கும் ஆடி முடிச்சாங்க. முடிச்சதும் கரா, ரி ரெய்சென் உட்பட சிலரைக் கைது பண்ணிக் கூட்டிட்டுப் போனாங்க. இதைவிட நல்ல விளம்பரம் எந்தக் கம்பெனியாலயும் குடுக்க முடியாது.

அதே வருஷம் கோடையில, ஷின்ஜுகு மேற்கு வாசல் நிலத்தடி சதுக்கத்துல கித்தார் வச்சுப் போர் எதிர்ப்புப் பாட்டு பாடிக்கிட்டிருந்த பசங்களை விரட்டுறதுக்கு, அந்த எடத்தோட பேரையே "சதுக்கம்"ல இருந்து "நடைபாதை"ன்னு மாத்திட்டாங்க. சதுக்கத்துல நிக்கலாம், நடைபாதையில நிக்கக் கூடாது, நடந்துக்கிட்டே இருக்கணும். டென்ட்டைப் பாத்து ஏன் போலீஸ் அவ்ளோ டென்ஷன் ஆச்சுன்னு இந்தப் பேர் மாத்தத்துல புரிஞ்சுக்கலாம்.

தெராயாமா ஏன் இவ்ளோ ஃபேமஸ்?

ஏன்னா அவரு எல்லாம் பண்ணார். 1935ல வடக்குக் கோடி அஓமோரியில பொறந்தவர், அப்பா போர்ல போயிட்டார், அம்மா அமெரிக்க ராணுவத் தளத்துல வேலை. 18 வயசுல தன்காங்குற பழைய செய்யுள் வடிவத்துல எழுதிப் பரிசு வாங்கினவர். குதிரைப் பந்தயம், பாக்ஸிங், ரேடியோ நாடகம், சினிமா, ஒண்ணையும் விடல. 1967 ஜனவரி 1ல தென்ஜோ சஜிகி குழுவை ஆரம்பிச்சார். அந்தப் பேருக்கு தியேட்டர்ல கூரையை ஒட்டி இருக்குற மலிவு சீட்டுன்னு அர்த்தம், ஒரு ஃபிரெஞ்சுப் படத்தோட ஜப்பானியத் தலைப்புல இருந்து எடுத்தது. மொதல் நாடகமே அஓமோரியோட ஒரு கூனனைப் பத்தினது, ஆரம்ப நாடகங்கள்ல திருவிழாக் கூடாரத்துல காட்டுற விசித்திர மனுஷங்க மாதிரி ஆளுங்களை நிறுத்தினார்.

அப்புறம் போகப் போகத் தியேட்டரையே பிரிக்க ஆரம்பிச்சார். 1973ல முழு இருட்டுல ஒரு நாடகம், ஆடியன்ஸ் கையில தீக்குச்சி குடுத்துட்டார், எப்பப் பாக்கணும்னு தோணுதோ அப்ப நீயே பத்த வச்சுக்கோ, எரியுற வரைக்கும் பாரு. எந்த நொடியில பத்த வைக்கிறோமோ அதைப் பொறுத்து ஒவ்வொருத்தரும் பாத்தது வேற வேற நாடகம். 1975 ஏப்ரல்ல இன்னும் ஒரு படி மேல, "நோக்கு", அதாவது கதவைத் தட்டுறது. டோக்கியோ சுகினாமி வட்டாரத்துல 30 மணி நேரம் நடந்த தெரு நாடகம். டிக்கெட் எடுத்தவங்க கையில மேப், இங்க போ அங்க போன்னு, குளியல் கூடத்துல ஒரு காட்சி, வீட்டு வாசல்ல ஒரு காட்சி. வீட்டுக்குள்ள இருக்குறவங்களுக்கு இது நாடகம்னே தெரியாது. பயந்துபோய் போலீஸைக் கூப்பிட்டாங்க, பேப்பர்ல திட்டி எழுதினாங்க.

என் கருத்து கேட்டா, அந்த வீட்டுக்காரங்க பக்கமும் நியாயம் இருக்கு. டிக்கெட் எடுத்தவன் விரும்பி வந்தான், கதவைத் திறந்த பாட்டி என்ன பாவம் பண்ணாங்க? இந்தக் கேள்வியைக் கேக்க வைக்கிறதுதான் தெராயாமாவோட வேலைன்னு அவரோட ரசிகருங்க சொல்லுவாங்க, எனக்கு அது முழுசா ஒத்துக்க முடியல. ஆனா படிச்சு இத்தனை வருஷமாகியும் மறக்கவும் முடியல.

கார்ட்டூன் கேரக்டருக்கு நிஜமா சாவு சடங்கு நடத்தினாராமே?

நிஜம்தான். பாக்ஸிங் மங்கா ஒண்ணுல ரிக்கிஈஷிங்குற எதிராளி பாத்திரம் செத்துப்போச்சு. 1970 மார்ச் 24ல அதைப் போட்ட பதிப்பகத்தோட கட்டடத்துலயே பாக்ஸிங் ரிங் மாதிரி செட் போட்டு, புத்த குருமாரை வச்சு மந்திரம் ஓதி, தெராயாமா முன்ன நின்னு நடத்தின இறுதிச் சடங்கு. சுமார் 700 பேர் வந்தாங்க. அதுல ஸ்கூல் பசங்களும் இருந்தாங்க, ஊதுவத்தி ஏத்திட்டுப் போனாங்க. அது விளம்பரமா, நாடகமா, துக்கமான்னு பிரிச்சுச் சொல்ல முடியல இல்ல? சொல்ல முடியக் கூடாதுன்னுதான் நடத்தினார்.

கராவும் தெராயாமாவும் அடிச்சுக்கிட்டாங்களாமே?

ஆமா, ரொம்ப கேக்குற கேள்வி இது. தெராயாமா குழுவோட திறப்பு விழாவுக்கு கரா குழு ஏதோ ஒரு பச்சிங்கோ சூதாட்டக் கடை வாசல்ல வச்சிருந்த பழைய மலர் வளையத்தை அனுப்பினாங்களாம். பதிலுக்கு 1969 டிசம்பர்ல கரா ஷிபுயாவுல டென்ட் போட்டப்ப தெராயாமா சாவு வீட்டு மலர் வளையம் அனுப்பினார். விளையாட்டுதான், ஆனா கொஞ்ச நாள் கழிச்சு கரா ஆளுங்க கூட்டமா ஷிபுயாவுல இருந்த தென்ஜோ சஜிகி கட்டடத்துக்கே வந்துட்டாங்க, தெருவுல அடிதடி, போலீஸ் வந்து ரெண்டு தலைவருங்களையும் சேத்து அள்ளிட்டுப் போச்சு. மத்தபடி ஒருத்தரை ஒருத்தர் மதிச்சவங்கதான்.

சுசுகி ஏன் மலைக்குப் போனார்?

டோக்கியோ போதும்னு. 1976ல தோயாமா மாவட்டத்துல தோகாங்குற மலைக் கிராமத்துக்குக் குழுவோட போயிட்டார், குளிர்காலத்துல ஆள் உயரம் பனி விழுற ஊரு. ஒரு பழைய கூரை வீட்டை மேடையாக்கினார். பாக்கணும்னா நீங்கதான் ரயிலும் பஸ்ஸும் மாறி வரணும். 1982ல அங்க உலக நாடக விழா நடத்தினார், கட்டடக் கலைஞர் இசொசாகி அராதா ஏரிக்கரையில திறந்தவெளி அரங்கம் வடிவமைச்சுக் குடுத்தார். சுசுகியோட பயிற்சி முறை பாதத்துல இருந்து ஆரம்பிக்கும், தரையை ஓங்கி ஓங்கி மிதிக்கணும், மிதிச்சுட்டு மேல் உடம்பு ஆடாம நிக்கணும், அந்த நிலையில வசனம் பேசணும். ஷிராஇஷி கயோகோன்னு ஒரு நடிகை, முறையா நடிப்பு படிச்சவங்க இல்ல, அரசாங்க ஆபீஸ்ல வேலை பாத்துட்டு வந்தவங்க, 1970ல சுசுகி பல நாடகத் துண்டுகளை ஒட்டிப் பண்ணின ஒரு மேடையில அவங்க சாமி வந்த மாதிரி ஆடினதைப் பாத்துட்டுத்தான் வெளிநாட்டுக்காரங்களே திரும்பிப் பாத்தாங்க. இந்தப் பயிற்சி இப்ப பல நாட்டு நாடகப் பள்ளியில இருக்கு.

கறுப்பு டென்ட்?

1970ல சாதோ மகோதோவும் நண்பருங்களும் ஆரம்பிச்சது. கரா டென்ட் கவிதைன்னா இது அரசியல், ஜெர்மன் நாடகக்காரர் பிரெக்ட்டோட வாசனை ஜாஸ்தி. லாரியில டென்ட்டை ஏத்திக்கிட்டு ஊர் ஊரா போனாங்க. பின்னாடி பிலிப்பைன்ஸ் நாடகக்காரங்களோட சேந்து ஆசியப் பக்கம் திரும்பினாங்க. எனக்கு இவங்களைப் பத்தி ஆர்வம் கொஞ்சம் கம்மி, அதனால சுருக்கிட்டேன், மன்னிச்சுக்கோங்க.

பூட்டோ டான்ஸும் இதுவும் ஒண்ணா?

பங்காளிங்க. ஹிஜிகாதா தத்சுமி 1959ல ஆடின ஒரு சின்ன டான்ஸ்ல இருந்துதான் பூட்டோ ஆரம்பம்னு சொல்லுவாங்க, மேடையில கோழியை வச்சு ஆடி டான்ஸ் சங்கத்தையே அலற வச்சார். அவரும் வடக்கு, அகிதாக்காரர். வயல் வேலையில வளைஞ்ச உடம்பு, நோவுல சுருண்ட உடம்பு, இதுதான் அவருக்கு அழகு. கரா குழுவோட பெரிய நடிகர் மாரோ அகாஜி ஹிஜிகாதாகிட்டயும் இருந்தவர், 1972ல தனியா தைராகுதகான்னு பூட்டோ குழு ஆரம்பிச்சார். ஆளுங்க ரெண்டு பக்கமும் போய்வந்துட்டுதான் இருந்தாங்க. ஆனா பூட்டோ வெளிநாட்டுல ஜெயிச்ச அளவுக்கு கரா ஜெயிக்கல, காரணம் சிம்பிள், கரா நாடகம் முழுக்கப் பேச்சு, சிலேடை மேல சிலேடை, மொழிபெயர்த்தா பாதி உதிர்ந்துடும்.

அணுகுண்டு பத்தி எதுவும் எழுதலையா?

எழுதினாங்க, ஆனா "ஐயோ கொடுமை"ன்னு எழுதல. பெத்சுயாகு மினோரு 1962ல "யானை"ன்னு ஒரு நாடகம் எழுதினார், சுசுகியோட ஆரம்பகாலக் கூட்டாளி அவர். அணுகுண்டுல முதுகெல்லாம் தழும்பான ஒருத்தர் ஆஸ்பத்திரியில கிடக்குறார். அவரோட ஆசை என்ன தெரியுமா, மறுபடி கூட்டத்துக்கு முன்னாடி போய் அந்தத் தழும்பைக் காட்டிக் கைதட்டு வாங்கணும். படிச்சா வயித்தைப் பெசையும். பரிதாபப்பட வர்றவங்களும் ஆடியன்ஸ்தானேங்குற எடத்துல கொண்டு போய் நம்மளை நிறுத்திடுவார்.

பெண்கள் எங்க? எல்லாம் ஆம்பளைங்க பேராவே இருக்கே?

நியாயமான குத்தம். தலைமை முழுக்க ஆம்பளைங்கதான், பல நாடகத்துல பொண்ணுங்க ஆவி, வேசி, அம்மான்னு மூணு பெட்டிக்குள்ளதான் இருப்பாங்க. ஆனா ரி ரெய்செனும் ஷிராஇஷியும் இல்லாம அந்த நாடகம் எதுவுமே நிக்காது. ரி ரெய்சென் ஜப்பான்ல பொறந்த கொரியப் பொண்ணு, அந்தக் காலத்துல அதை மறைச்சுக்கிட்டு வாழ்ந்தவங்கதான் அதிகம், அவங்க கொரியப் பேரோடயே மேடையேறினாங்க. 1972ல கரா குழு ராணுவ ஆட்சி நடந்த சியோலுக்குப் போய் ஆடினதுக்கு அவங்களும் ஒரு காரணம்னு நினைக்கிறேன். அடுத்த வருஷம் பங்களாதேஷ், அதுக்கு அடுத்த வருஷம் பாலஸ்தீன அகதி முகாம்கள். தெராயாமாவோட பிற்கால நாடகங்கள்ல கிஷிதா ரியோ கூட சேந்து எழுதினவங்க, அவங்க பேரை விட்டுட்டு எழுதுற கட்டுரை நிறைய இருக்கு.

ஜப்பானிய பாஷை தெரியாது, எங்க ஆரம்பிக்கிறது?

போஸ்டர்ல ஆரம்பிங்க. யொக்கோ ததனோரி, அவாசு கியோஷி, ஹிரானோ கோகா வரைஞ்ச போஸ்டருங்க இப்ப மியூசியத்துல தொங்குது. உதயசூரியன், புல்லட் ரயில், மலிவு பொம்மைப் படக் கலரு, எல்லாம் ஒரே தாள்ல. அப்புறம் ஒஷிமா நகிசா 1969ல எடுத்த ஷின்ஜுகு திருடன் படத்துல கராவும் அவர் குழுவும் அவங்களாவே வர்றாங்க, அந்தக் காலத்து ஷின்ஜுகு தெருவைப் பாக்கவாவது பாருங்க. பேச்சே வேணாம்னா ஒத்தா ஷோகோவோட "தண்ணி நிலையம்", 1981, ஒரு வார்த்தை கிடையாது, ஒழுகுற குழாய்கிட்ட மனுஷங்க மெதுவா வந்து குடிச்சுட்டுப் போவாங்க. கேரளாக்காரர் சங்கர் வெங்கடேஸ்வரன் இதை நம்ம பக்கத்து நடிகருங்களை வச்சுப் பண்ணியிருக்கார்.

டோக்கியோ போனா இப்பவும் பாக்கலாமா?

தெராயாமா 1983 மே 4ல, 47 வயசுல போயிட்டார், குழுவும் அதோட முடிஞ்சுது. கரா 2024ல, 84 வயசுல, அதே மே 4ல போனார். ரெண்டு மலர் வளையக்காரங்களும் ஒரே தேதி. கரா போன மறுநாள் அவரோட பிற்காலக் குழுவான கராகுமி ஹனாசோனோ கோயில்ல, ஆமா, கிளப்பி விட்ட அதே கோயில்ல, செவப்பு டென்ட்ல நாடகத்தைத் திட்டமிட்டபடி ஆரம்பிச்சுட்டாங்க.

வசந்த காலத்துல போனீங்கன்னா கிடைக்க வாய்ப்பு இருக்கு. சாக்ஸ் ஓட்டையில்லாம போட்டுட்டுப் போங்க. முட்டி வலி இருந்தா ஓரமா எடம் புடிங்க, ஏன்னா "இன்னும் கொஞ்சம் நகருங்க, இன்னும் கொஞ்சம்"னு நெருக்கிக்கிட்டே இருப்பாங்க. கதை புரியலன்னா கவலை வேணாம், பக்கத்துல ஒக்காந்திருக்குற ஜப்பான்காரருக்கும் புரியாது. கடைசியில மேடைக்குப் பின்னாடி இருக்குற துணி அப்படியே மேல போகும், ராத்திரிக் காத்து உள்ள வரும், நடிகருங்க அந்தப் பக்கம் இருட்டுக்குள்ள நடந்து போவாங்க, அவங்களுக்குப் பின்னாடி ஷின்ஜுகு விளக்கு எரிஞ்சுக்கிட்டு இருக்கும்.